எடை ஏறிய பிறகு இறுக்கவும்

அன்புள்ள அக்காவுக்கு, உன் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், இவர் நலம், அம்மா நலம், அம்மாவின் முதுகு தனியாகவும் நலம். முதுகை ஏன் பிரித்து எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். அங்கே அத்தான், பிள்ளைகள், நீங்கள் புதிதாக வாங்கிய சோபா எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவா ஜீப்பா, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு காரில் வந்து அம்மாவை அழைத்துப் போய் இனி உன்னோடேயே வைத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். வர வேண்டாம். அதாவது, விருந்தாளியாக வா, வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. அம்மாவை அனுப்ப மாட்டேன். ஜீப்பையும் விற்க மாட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போனில் பாதியிலேயே நீ அழுதுவிடுகிறாய், நான் கத்திவிடுகிறேன், பேச வந்த விஷயம் நடுவில் அநாதையாக நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அழுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டு அழு.

உனக்குச் செய்தி சொன்னது நம் சித்தி என்று தெரியும். கடைத்தெருவில் நின்றுகொண்டு, அம்மா ஜீப்பின் முன் சீட்டில் "பொம்மை மாதிரி குலுங்கிக்கிட்டு" போனதைப் பார்த்தாளாம். குலுங்கியது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் என் வேலை என்ன என்று சித்திக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். மலைமேல் இருக்கும் மழைமானிகளைச் சுற்றிப் பார்த்து அளவெடுத்து வர வேண்டும். மழைமானி மழை பெய்கிற இடத்தில்தான் இருக்கும். மழை பெய்கிற இடத்தில் சாலை இருக்காது. அங்கே அத்தானின் காரைக் கொண்டுபோனால் முதல் வளைவிலேயே வயிறு தரையில் தட்டிப் படுத்துவிடும். அம்மாவுக்கு இடுப்பில் அறுவை செய்த பிறகு பகலில் தனியாக விட முடியவில்லை, இவர் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்விடுகிறார், அதனால் என்னோடு வண்டியில் வருகிறாள். வந்து சும்மாவும் இருப்பதில்லை. ஒவ்வொரு மழைமானியையும் எட்டிப் பார்த்து, "நேத்து ராத்திரி பூரா கொட்டுச்சே, இவ்வளவுதானா?" என்று அரசாங்கத்தையே சந்தேகப்படுகிறாள்.

குலுங்கியதற்குக் காரணம் என் ஓட்டம் இல்லை, பழைய ஸ்பிரிங். வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய பட்டைகள் மிதிபட்டு மிதிபட்டுப் பலகையாக நிமிர்ந்துவிட்டன. உன் கடிதத்தைப் படித்த அன்றே முடிவெடுத்தேன். அம்மாவை மாற்ற முடியாது, மலையை மாற்ற முடியாது, ஸ்பிரிங்கை மாற்றலாம். புதுப் பட்டைகள், புது ஷாக் அப்சர்பர், போல்ட், ரப்பர் புஷ் எல்லாம் சேர்ந்த ஒரு முழு செட்டை வரவழைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம், சார் நம்பர் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். சாரிடம் பேசுவதாம். நம் வீட்டு சார், டீசல் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்கிறார். நான் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன். ஏற்றும்போதே தெரிந்துவிட்டது, இதை நானேதான் மாட்டப் போகிறேன் என்று. கோபத்தில் எடுத்த முடிவுதான், ஆனால் நிதானமாக எடுத்த முடிவுகளில் நான் என்ன சாதித்திருக்கிறேன், சொல்.

வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, பழைய அட்டையை விரித்து அடியில் போய்ப் படுத்தேன். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செட்டோடு வந்த செய்முறைத் தாளைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா ஜன்னலுக்குப் பின்னால் மேற்பார்வை. முதல் போல்ட்டே கழலவில்லை. துருவுக்கு எண்ணெய் விட்டேன், தட்டினேன், ஸ்பேனரில் தொங்கினேன், கண்ணில் துரு விழுந்தது. "எதிர்ப்பக்கமா திருப்புறியோ?" என்றாள் அம்மா. எதிர்ப்பக்கமாகத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன். இதைச் சித்தியிடம் சொல்லாதே. மற்றபடி மாலைக்குள் பழையது இறங்கிப் புதியது ஏறிவிட்டது. இவர் "மாட்டவும்" என்றால் மாட்டினேன், "இறுக்கவும்" என்றால் இறுக்கினேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் சொல்லி நான் இப்படி மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். அதற்கான பலன் பின்னால் வருகிறது.

சக்கரத்தை மாட்டி இறக்கினால், வண்டி பழைய உயரத்திலிருந்து அரை முழம் எழும்பி, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அம்மா ஏறுவதற்கு முக்காலி போட வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனோம். தெருமுனை வரைக்கும் அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பி வந்து இறங்கிய பிறகு சொன்னாள்: "முன்னாடி குலுக்குச்சு. இப்ப உதைக்குது."

அக்கா, அன்றைக்கு நீ வந்திருந்தால் அம்மாவையும் ஜீப்பையும் சேர்த்தே கொடுத்து அனுப்பியிருப்பேன். தெருவில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் வந்து முதுகெலும்பில் தன் பேரைச் சொல்லிவிட்டுப் போனது. வெட்கத்தை விட்டு மெக்கானிக்கிடமே போய்க் கேட்டேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "புது ஸ்பிரிங் அப்படித்தான், பழகணும், வெயிட் ஏத்தி ஓட்டுங்க" என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் வீட்டில் இருந்தது.

எடைக்கு மணல் மூட்டை ஏற்றலாம் என்று நினைத்தேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மண்ணை எதுக்குச் சுமக்குற, எத்தனை பேர் சும்மா இருக்கோம்" என்று இடுப்பு உடைவதற்கு முன் பூங்காவில் தன்னோடு நடந்த மூன்று பேரை வரவழைத்துவிட்டாள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், ஒருவர் தையல்காரம்மா, மூன்றாமவரை எல்லோரும் காத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டியில் எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, அம்மா இடம் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆளாளுக்கு எடை கேட்டாள். நர்ஸம்மா கல்யாணத்துக்கு முந்தைய எடையைச் சொன்னார். தையல்காரம்மா ஊர் முழுக்க இடுப்பளவு எடுத்தவர், தன் அளவைக் கேட்டதும் காது கேட்காதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். மூன்றாமவர், "நான் என்ன, காத்து மாதிரி, எங்க வேணா உக்கார வை" என்று இடப்பக்கம் ஏறினார். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அதிலிருந்து வந்த பெயர்தான் அது. அம்மா நர்ஸம்மாவையும் தையல்காரம்மாவையும் வலப்பக்கம் மாற்றி, தானும் முன் சீட்டை விட்டுப் பின்னால் வலப்பக்கமே உட்கார்ந்துகொண்டாள்.

இப்படியே மண்ரோடு, கல்ரோடு என்று தினமும் ஓட்டினோம். நால்வரும் ஊர்க்கதை பேசி முடித்து, பக்கத்து ஊர்க்கதைக்குப் போய்விட்டார்கள். ஸ்பிரிங் மட்டும் பழகவே இல்லை. போதாததற்குக் கதவு கீச்சிடுகிற மாதிரி அடியிலிருந்து ஒரு சத்தம் வேறு. கடைசியில் அந்தச் செய்முறைத் தாளை நானே எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். பட்டையின் முனைகளில் ரப்பர் புஷ் என்று ஒரு வளையம் இருக்கிறதில்லையா, அதில் போகும் போல்ட்டுகளை முதலில் லேசாகத்தான் இறுக்க வேண்டுமாம். வண்டியைத் தரையில் இறக்கி, வழக்கமான எடை ஏறிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டுமாம். நானோ வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே உயிரைக் கொடுத்து இறுக்கியிருக்கிறேன். ரப்பர் முறுக்கிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. தாளோடு போய் இவர் முன்னால் நின்றேன். இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "'இறுக்கவும்'னு ரெண்டு தடவை வந்துச்சு. கூறியது கூறல். ஒண்ணை வெட்டிட்டேன்."

பத்திரிகையில் நாலு பத்தியை அரைப் பத்தியாக்கிச் சம்பளம் வாங்குகிற மனிதரிடம் தாளைக் கொடுத்தது என் தப்பு. ஆனாலும் பார், அந்தத் தாளை எழுதியவன் தன் ஆயுளில் முதல்முறையாக ஒரு உதவி ஆசிரியரைச் சந்தித்திருக்கிறான்.

மறுநாள் அத்தனை போல்ட்டையும் தளர்த்தினேன். எடை ஏறிய பிறகுதானே இறுக்க வேண்டும்? நால்வரையும் கூப்பிட்டு, நிற்கிற வண்டியில் அவரவர் இடத்தில் உட்காரவைத்தேன். எங்கேயும் போகவில்லை என்றதும் காத்து கோபித்துக்கொண்டார், சீவி முடித்து வந்தாராம். நான் அடியில் போய்ப் படுத்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் மேலே நால்வர் உட்கார்ந்து பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆளை மறந்துவிடுவது மனித இயல்பு. நர்ஸம்மா கேட்டார், "பெரிய பொண்ணு வந்து கூட்டிக்கிட்டுப் போறாளாமே?" ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பெரியவ தங்கம்," என்றாள் அம்மா. "அங்க போனா என்னை அசையவிட மாட்டா. தண்ணிகூடக் கைக்கே வரும். அலமாரியில வெச்ச கண்ணாடிச் சாமான் மாதிரி பாத்துக்குவா. இவளுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. மூட்டையை ஏத்துற மாதிரி ஏத்துறா, இறக்குறா. ஆனா நான் ஏறலைன்னா வண்டி சரியா ஓடாதுங்குறா. பொய்யா இருந்தாலும் கேக்க நல்லாயிருக்கு."

அக்கா, நான் பொய் சொல்லவில்லை. அதற்காக அம்மாவைச் சந்தோஷப்படுத்தவும் சொல்லவில்லை, எடை வேண்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான். அட்டைமேல் படுத்துக்கொண்டு யோசித்தேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவந்தேன். அம்மாவின் கணக்கில் நடந்தது வேறு. இடுப்பு உடைந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது, இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. மேலேயிருந்து அம்மா, "என்னடி, சத்தத்தையே காணோம், தூங்கிட்டியா?" என்றாள். கண்ணில் துரு என்றேன். பிறகு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன்.

மறுநாள் மலைக்குப் போனோம். வண்டி, நாள் முழுக்க நின்ற ஆள் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி, அதன் உயரத்துக்கு அது இறங்கி நின்றது. கல்ரோட்டில் பள்ளம் வருவது தெரிகிறது, போவது தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டாவது மழைமானி தாண்டித் திரும்பிப் பார்க்கிறேன், அம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். உன் சோபாவில் உட்கார்ந்தால் தூக்கம் வரவில்லை என்று போனமுறை முனகினாளே, அதே அம்மா. ஆகவே சித்தியிடம் சொல், மறுபடி கடைத்தெருவில் நின்று பார்க்கச் சொல். நீயும் அத்தானும் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய அவசியம் இல்லை. அம்மா இங்கேதான் இருப்பாள். ஜீப் இங்கேதான் இருக்கும். ஒன்றை வைத்துக்கொள் என்றாயே, இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். இதில் பேச இனி ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறையில்லாமல் வளர என் ஆசிகள். கோபமிருந்தாலும் உன்மேல் பிரியம் குறையாத,

உன் தங்கை.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் தனக்குப் படித்துக் காட்டச் சொல்லி அம்மா அடம்பிடித்தாள். என் கை அழுக்காக இருந்ததால் இவர் படித்தார். இத்தனை பக்கத்தையும் இவர் படித்த விதம் இது: "பெரியவ வரச் சொல்றா, சின்னவ விட மாட்டேங்குறா." அம்மா கடிதத்தை வாங்கிப் பக்கங்களை எண்ணிப் பார்த்தாள். "எனக்காகத்தானே சண்டை? என்னை ஒருத்தியும் கேக்கல" என்றாள். நான் கேட்டேன். உன் வீட்டுக்கு வருகிறாளாம். அலுக்கும்வரை இருப்பாளாம். எனவே மேலே நான் அனுப்ப மாட்டேன் என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள். ஆனால் அத்தானின் காரில் வரமாட்டாளாம். புது ஸ்பிரிங்கை எடையோடு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு எல்லாப் போல்ட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும் என்று தாளின் கடைசியில் இருக்கிறது, அதை இந்த முறை நானே படித்தேன். உன் வீடு சரியாக அந்தத் தூரத்தில் இருக்கிறது, உன் தெருவும் அதற்கேற்ற மோசம். சனிக்கிழமையே ஜீப்பில் வருகிறோம், மற்ற மூவரும்தான். வாசலில் ஒரு முக்காலி போட்டு வை, அத்தானின் காரை வெளியே நிறுத்தச் சொல், எனக்கு அந்த இடம் வேண்டும். அம்மாவுக்கு அலுத்துத் திரும்பும்போது காத்து அங்கேயிருந்து அவர் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார், இடப்பக்கம் காலியாகிவிடும், எங்களோடு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ. உன் எடையை மட்டும் உண்மையாக எழுதி அனுப்பு. அம்மா இடம் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.