வேப்பமரத்தடி எரிமலை

திங்கட்கிழமை காலை யோகப்பிரியா டீச்சர் வந்து பார்த்தபோது, எரிமலைக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

ஈரம் காயட்டும் என்று வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனது. கந்தப்பன் தோட்டத்துக் களிமண்ணை முழங்கால் உயரத்துக்குக் கூம்பாகப் பிடித்து, நடுவில் ஊறுகாய் பாட்டிலைப் புதைத்துச் செய்த எரிமலை மாடல். சாஸ்திர மேளா என்கிற அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பலாமா என்று பார்க்கப் புதன்கிழமை கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வருகிறார். அவர் தலையாட்டினால்தான், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அந்தத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக டீச்சரான அவளுக்கு அடுத்த வருஷமும் வேலை.

"செருப்பக் கழட்டிப்போட்டு நில்லுங்க டீச்சர்," என்றார் கந்தப்பன். பி.டி.ஏ. தலைவர். கையில் பால் சொம்பு.

"ஏனுங்க, இது எரிமலைங்க. நீங்க குடுத்த மண்ணுதான்."

"எம்மண்ணா இருந்தா என்னங்க? இது புத்து. ஊட்டுக்காரிதான் மொதல்ல பாத்தா. ரெண்டு நாள் மழைல எந்திரிச்சிருக்குது."

"மழைல ஊறிப் பெருத்திருக்குதுங்க. வேறொண்ணுமில்ல."

பெருத்துத்தான் இருந்தது. இடுப்பளவு வந்துவிட்டது. களிமண் இப்படியா ஊறும் என்று ஒரு கணம் திகைத்தாள். மஞ்சளும் மண்ணுமாக மாறி மாறி அப்பியிருக்கிறார்கள் என்று தேற்றிக்கொண்டாள். சமையல்காரி பூவாத்தாள் இருந்திருந்தால் எல்லாரையும் விரட்டியிருப்பாள். அவளோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பொள்ளாச்சிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

வகுப்புக்குள் தூக்கிப் போய்விடலாம் என்று கட்டிப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அடி ஒட்டிக்கொண்டுவிட்டது போல.

சரி, எல்லார் முன்னாலும் ஒரு தடவை பொங்க வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். சோடா உப்பும் சிவப்புச் சாயமும் போட்டு, வினிகர் ஊற்றினாள். ஒரு டம்ளரிலேயே ஊறுகாய் பாட்டில் நிறைந்திருக்க வேண்டும். முழு பாட்டில் வினிகரும் போயிற்று. அடியில் விழுந்த சத்தமே வரவில்லை.

"உள்ள பாட்டில் வெடிச்சிருச்சாட்ட இருக்குது," என்று இன்னொன்றையும் கவிழ்த்தாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஆழத்தில் யாரோ தொண்டையைச் செருமுவது போலக் கேட்டது. சிவப்பு நுரை மெல்ல மேலேறி, வாய் வழியாக வழிந்தது. கேட்டருகே நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். கந்தப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சோடா உப்புங்க, வினிகருங்க. இது வேதி வினை, அவ்வளவுதான்."

"வினை தீக்கத்தானுங்களே ஆத்தா வந்திருக்கறா," என்றார் கந்தப்பன், எழுந்திருக்காமலே.

செவ்வாய்க்கிழமை ஓர் அட்டை எழுதி வைத்தாள்: இது எரிமலை மாதிரி, புற்று அல்ல. மத்தியானத்துக்குள் அட்டைக்கும் மாலை போட்டுவிட்டார்கள்.

அவள் ஹெச்.எம். பூபதிராஜாவிடம் ஓடினாள். "இதை உடைச்சுப்போட்டு வேற செஞ்சரலாங்க சார்."

"நல்லாச் சொன்னீங்க, போங்க. சாமி இருக்கற ஸ்கூலுன்னு காலைல ரெண்டு பேரு புள்ளைகளக் கொண்டாந்து சேத்திருக்கறாங்க. நீங்க உடைச்சா, இருக்கறதையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. இதையே ஏ.இ.ஓ.வுக்குக் காட்டுங்க."

வகுப்பில் பாடம் எடுத்தாள். "பூமிக்கு அடியில பாறை உருகிக் குழம்பா இருக்கும். வழி கெடைச்சா மேல வரும். எரிமலை மூணு வகை. செத்தது, தூங்கறது, முழிச்சிருக்கறது."

கிருத்திகா எழுந்தாள். "டீச்சர், நம்முளுது எந்த வகைங்க?"

"நம்முளுது களிமண்ணு. உக்காரு."

"அது பொகையுதுங்க டீச்சர்."

ஜன்னல் வழியே பார்த்தாள். மெல்லிய புகை நூல் பிடித்தாற்போல நேராக எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் ஓயாத காற்று, அந்த வேப்பமரத்தில் மட்டும் ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. போய்ப் பார்த்தாள். ஊதுபத்தி இல்லை, சூடமும் இல்லை. தொட்டாள். காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது.

"வெயிலுக்குச் சுடுது," என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். அவள் நின்றது நிழலில்.

"தூங்கறத எழுப்புனா என்னாகுங்க டீச்சர்?" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற கிருத்திகா.

"போய்ப் படி."

புதன்கிழமை ஏ.இ.ஓ. ஜிபின் வந்து இறங்கினார். சுற்றி வந்து பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் மெச்சினார்.

"இது கொள்ளாமே டீச்சரே. பூவும் மஞ்சளும் எந்தினா, எதுக்கு?"

"அலங்காரங்க சார்."

அவள் இன்னும் சோடா உப்புப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளேயிருந்து "புஸ்ஸ்" என்று நீளமாக ஒரு மூச்சு வந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் தாமாகவே நாலடி நகர்ந்தார்கள்.

"வாயு... வாயு வெளியேறுதுங்க சார்," என்றாள்.

"ஒரிஜினல் போலவே உண்டு! மேளாவுக்கு இதுதன்னே போகும். டீச்சருக்கு அடுத்த வருஷத்துக்கு நானே எழுதித் தரலாம்."

யோகப்பிரியா பிரிக்காத பொட்டலத்தைப் பைக்குள் போட்டாள். ஹெச்.எம். கைதட்டினார். கந்தப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உள்ளே மோட்டார் வெச்சிருக்கா?" ஜிபின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, எரிமலையின் வாய்க்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினார். "நல்ல ஆழம். அடி தட்டலியே." இன்னும் கொஞ்சம் குனிந்தார். முகத்தில் சிரிப்பு. "வழுவழுன்னு ரப்பர் ட்யூபா? அது அசையுது டீச்சரே."

அப்போதுதான் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கிய பூவாத்தாள், பையை இடுப்பில் இடுக்கியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், மழைல நனைஞ்சிருமேன்னு உங்க எரிமலைய வெள்ளிக்கெழமயே அரிசி ரூமு அட்டாலிப் பரண் மேல தூக்கி வெச்சுட்டுத்தானுங்களே போனேன், எடுத்தாரட்டுங்களா?"