கால் தரையில் படக்கூடாது

இனிமேல் சிவப்பு விளக்கில் நின்றால் காலைத் தரையில் ஊன்றுவதே இல்லை என்ற மகத்தான முடிவை, தராசுக்காரர் ஒற்றைச் செருப்போடு வீட்டு வாசலில் நின்றபடி எடுத்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் கணுக்கால் வரைக்கும் சிமெண்ட் இருந்தது.

தராசுக்காரர் என்றால் தராசு விற்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். கடை கடையாகப் போய், தராசு சரியாக நிற்கிறதா, தட்டு ஒரு பக்கம் சாய்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற அதிகாரி. அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தட்டைத் துடைத்து வைப்பார்கள். அந்த மரியாதையெல்லாம் தெருவோடு சரி. வீட்டு வாசலில் அவரை வரவேற்பது, "செருப்பை வெளியிலயே விடுங்க" என்கிற குரல் ஒன்றுதான்.

அன்றைக்கு அந்தக் குரலே கொஞ்சம் தடுமாறியது.

"இன்னொரு செருப்பு எங்கங்க?" என்றாள் மனைவி.

"சிமெண்ட்ல இருக்கு."

"எந்த சிமெண்ட்ல?"

"நாலு ரோடு சிக்னல்ல. நடைபாதைக்குக் கரை கட்டுறாங்க. சிவப்பு விழுந்துச்சு, நின்னேன், காலை ஊனினேன். உள்ள போயிடுச்சு. காலை உருவினேன், செருப்பு வரமாட்டேன்னுடுச்சு."

"கீழ பார்த்து ஊன மாட்டீங்களா? கண்ணு எங்க இருந்துச்சு?"

இதுதான் இந்த அம்மாளிடம் உள்ள தொல்லை. நேராக ஆணிவேரைப் பிடித்து இழுப்பாள். வேலை பார்ப்பது பல் டாக்டரின் கிளினிக்கில், முன்மேசையில். வாயைத் திறக்கவே மாட்டேன் என்று வருகிறவர்களைப் பேசிப் பேசி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். கட்டின புருஷன் எம்மாத்திரம்?

"பக்கத்துல ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"ஓஹோ."

"ஐயய்யோ, நீ நினைக்கிற மாதிரி இல்லை. அதுவும் சைக்கிள்லதான் வந்துச்சு. சிவப்பு விழுந்தும் காலையே ஊனலை. அப்படியே நிக்குது! ரெண்டு காலும் பெடல் மேலயே இருக்கு. சிலையாட்டம் நிக்குது. அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேனா..."

"என்ன கலர் சைக்கிள்?"

"மஞ்சள். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள் மனைவி. பிறகு நிதானமாகக் குண்டைப் போட்டாள். "இதோ பாருங்க. போன மாசம் கைப்பிடியில சட்டையை மாட்டிக் கிழிச்சுக்கிட்டீங்க. அதுக்கு முன்னாடி நாய்க்கு வழி விடுறேன்னு சாக்கடைக்குள்ள போனீங்க. இப்போ சிமெண்ட். போதும். பேசாம பஸ்ல போங்க. சைக்கிளை என் தம்பிக்குக் குடுத்துடலாம்."

தராசுக்காரர் சைக்கிள் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். மச்சினனுக்கா? பெல் அடிப்பதற்குப் பதில் வாயால் விசிலடிக்கிற பயலுக்கா?

அந்த சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டிவி ரிமோட் மகள் கையில். மின்விசிறியின் வேகத்தை மனைவி தீர்மானிப்பாள். ஆபீஸில் அவர் நாற்காலியை எங்கே போடுவது என்பதைக்கூட மேலதிகாரி முடிவு செய்வார். இந்த உலகத்தில் அவர் திருப்பின பக்கம் திரும்புவது அந்த சைக்கிள் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியதும் அதில்தான். அப்போதெல்லாம் அவள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விழ மாட்டோமே?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது!

"ஒரு மாசம் டைம் குடு" என்றார். "அந்தப் பொண்ணு மாதிரியே நின்னு காட்டுறேன். சிவப்பு விழுந்ததுல இருந்து பச்சை விழுற வரைக்கும் கால் தரையில படக்கூடாது. பட்டுச்சுன்னா சைக்கிள் உன் தம்பிக்கு. படலைன்னா இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"உங்களால எல்லாம் முடியாதுங்க" என்றாள் மனைவி, ரொம்பப் பரிதாபமாக.

"யாரு சொன்னா முடியாதுன்னு?"

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி மறுநாளே தொடங்கியது. தெருவில் பழகினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதால் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பக்கம் விழுந்தால் மெத்தை. இன்னொரு பக்கம் விழுந்தால் மண்டை. முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, பிரேக்கை லேசாகப் பிடித்து, மூச்சை அடக்கி, எதிர்ச் சுவரில் இருந்த ஆணியையே பார்த்தார். நின்றது! சைக்கிள் நின்றது!

"என்னங்க பண்றீங்க உள்ள?" சமையலறையிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்..."

தடால்.

மறுபடியும் ஏறினார். மறுபடியும் ஆணி. மறுபடியும் நின்றது.

"என்னமோ விழுந்த மாதிரி இருந்துச்சே?"

"இல்லைய..."

தடால். இந்தத் தடவை அலமாரிப் பக்கம்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. வாயைத் திறந்தால் விழுகிறார். வாயை மூடியிருந்தால் நிற்கிறார். இதே உண்மை சமையலறையில் இருந்தவளுக்கும் புரிந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. பாவம், ஆணியைப் பார்க்கிற மனிதர் அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடுவதை எங்கே கவனிக்கப் போகிறார்?

வீட்டில் வந்த வித்தை ரோட்டில் வரவில்லை. சிக்னலில் தினமும் நின்றார், தினமும் சாய்ந்தார். ஒரு நாள் ஆட்டோ மேல் சாய்ந்தார். இன்னொரு நாள் மீன்கூடை வைத்திருந்த அம்மாள் மேல் சாயப் போய், அவள் விட்ட வசவில் காது சிவந்து நிமிர்ந்துவிட்டார். பக்கத்திலேயே அந்த மஞ்சள் சைக்கிள் பெண், ஆடாமல் அசையாமல் நிற்பாள். தினமும் வந்தாள். அதுவும் சொல்லி வைத்தாற்போல அவர் வருகிற நேரத்துக்கே வந்தாள். எரிச்சலாக இருந்தாலும் அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார். "ஏம்மா, இதுல என்னதான் சூட்சுமம்?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். ஹேண்டில்பாருல ரெண்டு பக்கமும் பையை மாட்டணும். சமமான எடை. நல்லா கனமா இருக்கணும். அப்பத்தான் சைக்கிள் நிக்கும்."

தராசுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அட, தராசு! ரெண்டு தட்டு, ரெண்டு பக்கமும் சம எடை, நடுவில் முள் நிமிர்ந்து நிற்கும்! இத்தனை வருஷமாக இதையே தொழிலாக வைத்துக்கொண்டு, இது நமக்குத் தோன்றவில்லையே!

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார். "வீட்டுக்கு ஏதாவது வாங்கணுமா? கனமா?"

மனைவி கையிலிருந்த கரண்டி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் மார்க்கெட் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கேட்டால், 'சைக்கிள்ல பையை மாட்டினா பேலன்ஸ் போயிடும்' என்பார். வாரா வாரம் அவள்தான் கை இற்றுப்போகத் தூக்கி வருவாள். விரல்களில் பையின் காது பதிந்த தடம் அடுத்த வாரம் வரைக்கும் இருக்கும்.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?" என்றாள்.

"சிரமமா? எனக்கா? சொல்லு, என்ன வேணும்?"

"வெங்காயம்தான் தீர்ந்துபோச்சு. ஆனா வேண்டாங்க, நானே..."

"வெங்காயம் ஒரு பக்கம் ஆச்சு. இன்னொரு பக்கத்துக்கு?"

"உருளைக்கிழங்கு வேணும்னா..."

"போடு!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் காய்கறிக்குப் பஞ்சமே இல்லை. தராசுக்காரர் மார்க்கெட்டில் நின்று, இந்தப் பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, அந்தப் பையில் ஒரு கிழங்கைச் சேர்த்து, இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அதிகாரியே வந்து நிறுத்துப் பார்க்கிறாரே என்று கடைக்காரர்கள் பயந்து நல்ல சரக்காகப் பொறுக்கிப் போட்டார்கள். அரிசி வாங்கினால் ஈடாகக் கோதுமை மாவு. எண்ணெய் வாங்கினால் ஈடாகச் சோப்பு. இன்றைக்கு ஒன்றும் வேண்டாமே என்று மனைவி சொன்னால் முகம் சுருங்கிப்போகும். "தேங்காயாவது வாங்கிட்டு வரேனே" என்று கெஞ்சுவார்.

ஆச்சரியம் என்னவென்றால், சைக்கிளும் நிற்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மூச்சு நேரம். பிறகு இரண்டு மூச்சு. மாதம் முடிவதற்குள் சிவப்பு முழுக்க நின்றுவிடுவார் என்ற நிலைமை வந்துவிட்டது. வாயை மட்டும் திறக்கக் கூடாது.

சோதனை நாள் ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழி. மனைவி புதிதாகக் கட்டின நடைபாதைக் கரையில் ஏறி நின்றுகொண்டாள். அவள் காலடியில், காய்ந்த சிமெண்டுக்குள்ளிருந்து ஒரு செருப்பின் வார் எட்டிப் பார்த்தது. தராசுக்காரர் இரண்டு பக்கமும் வாயைப் பிளந்த பைகளோடு மெதுவாக மிதித்து வந்தார். சரியாகச் சிவப்பு விழுந்தது.

நின்றார். முன்சக்கரம் திரும்பியது. கண் எதிரே கம்பத்தில் ஒட்டியிருந்த போஸ்டரின் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. உதடுகள் இறுகின. கால் தரையில் இல்லை!

அப்போது பார்த்து மஞ்சள் சைக்கிள் வந்து பக்கத்தில் நின்றது.

"அக்கா!" என்றாள் அந்தப் பெண். அவரைப் பார்த்து அல்ல. அவர் மனைவியைப் பார்த்து. "இன்னியோட முடிஞ்சுதுல்லக்கா? நாளையில இருந்து நான் என் வழியிலயே கிளினிக்குக்கு வந்துடறேன். என்னிக்கோ ஒரு நாள் வேலையா இந்தப் பக்கம் வந்ததுக்கு, உங்க வீட்டுக்காரருக்காக தினமும் இந்த வழியா சுத்திக்கிட்டு வர்றதுல கால் ரெண்டும் கழண்டு போச்சு."

தராசுக்காரரின் கண்கள் போஸ்டரை விட்டு நகரத் துடித்தன. நகர்த்தினால் விழுந்துவிடுவார். நகர்த்தவில்லை.

"முடிஞ்சுதும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் மனைவி. பிறகு கணவரிடம், "எங்க கிளினிக்ல பல் செட் செய்யற பொண்ணுதாங்க இது. மஞ்சள் சைக்கிள்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சுது" என்றாள்.

"ஆனா சார் பெரிய ஆளுதான்க்கா" என்றாள் பெண். "பை மாட்டினாதான் நிக்கும்னு நீங்க சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். நெசமா பார்த்தா பை இல்லாமதான் சுலபம். இவ்வளவு மூட்டையோட என்னாலயே நிக்க முடியாது!"

தராசுக்காரரின் காது மடல்கள் சிவப்பு விளக்கோடு போட்டி போட்டன. வயிற்றிலிருந்து ஒரு பெரிய 'அடிப்பாவி' கிளம்பித் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் சைக்கிள் மச்சினனுக்கு. அதை அப்படியே முழுங்கினார்.

மனைவி கரையிலிருந்து இறங்கி அவர் காதருகே வந்தாள். முன்மேசைக் குரல் எடுத்தாள். இந்தக் குரலுக்கு எத்தனையோ பற்கள் கழன்றிருக்கின்றன.

"என்னங்க, இவ்வளவு தூரம் பழகிட்டீங்க. இனிமே மார்க்கெட்டு நீங்களே பார்த்துக்குங்க. சம்மதம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க."

தராசுக்காரர் போஸ்டரைப் பார்த்தார்.

"மாவு மில்லுக்கும் நீங்கதான். வேண்டாம்னா சொல்லுங்க, நான் ஒண்ணும் வற்புறுத்தலை."

முன்சக்கரம் நடுங்கியது. உதடுகள் நடுங்கின. சத்தம் வரவில்லை.

"எங்கம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொண்டுபோய்க் குடுக்கறதும்?"

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது.

"பார்த்துக்கம்மா, நீதான் சாட்சி" என்றாள் மனைவி, மஞ்சள் சைக்கிளிடம். "ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. தங்கமான மனுஷர்."

பச்சை விழுந்தது. கால் கடைசி வரைக்கும் தரையில் படவில்லை. தராசுக்காரர் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு மிதித்தார். கைப்பிடியின் இரண்டு பக்கமும் அந்த வெற்றி கனத்தது.

மத்தியானம் வரைக்கும் அவர் படுக்கையறையில் சைக்கிளோடுதான் இருந்தார். சைக்கிளைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததையே துடைத்தார். 'இனி ஜென்மத்துக்கும் இவள் விரிக்கிற வலையில் விழ மாட்டேன்' என்று கைப்பிடியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். செய்துவிட்டு நிமிர்ந்தபோது மனைவி கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்துகொண்டிருந்தாள்.

"கோபமா?" என்றாள்.

அவர் மறுபடியும் குனிந்து பெல்லைத் துடைத்தார்.

"நிஜமாவே நல்லா நின்னீங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஒரு தடவை பின்னாடி உட்கார்ந்து பார்க்கணும் போல இருந்துச்சு."

அவருக்குக் கொஞ்சம் இளகியது. கொஞ்சம்தான்.

அவள் துணிக் குவியலைக் கட்டிலில் போட்டாள். மேலே கிடந்தது, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பு. எப்படி மடித்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அதேதான். அவள் ஒரு தடவை மடித்துப் பார்த்தாள். உதறிப் போட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"எங்க டாக்டர் இருக்காரே, இதை ஒரு சுருக்கம் இல்லாம புஸ்தகம் மாதிரி மடிச்சு வச்சுடுவாராம். அவங்க வீட்டம்மா சொன்னாங்க. அதுக்கெல்லாம் கையில ஒரு நிதானம் வேணும். உங்களால முடியாதுங்க."

தராசுக்காரருக்கு எல்லாம் தெரிந்தது. வலை தெரிந்தது. வலையை விரிக்கிற கை தெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் விழுந்த அதே குழி என்பதும் பளிச்சென்று தெரிந்தது.

"யாரு சொன்னா முடியாதுன்னு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், விரிப்பின் இரண்டு மூலைகள் அவர் கையில் இருந்தன.