ஈயம் பூசிய இருபத்தொன்பது பிட்டுகள்

திண்டிவனம்,
வெகுதானிய வருஷம் மார்கழி 4-ந் தேதி.

விழுப்புரம் மல்லாட்டை மண்டி மாமா புஷ்பதந்த நயினார் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் ஆதிநாதன் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அம்மாவும் எண்ணெய் எஞ்சினும் க்ஷேமம். டிரில்லிங் மிஷின் க்ஷேமமில்லை. அவ்விடம் தங்கள் கண், அத்தையின் முழங்கால் இரண்டின் க்ஷேமத்துக்கும் எழுதவும். மரியாதை முடிந்தது. இனி விஷயம்.

தங்கள் நிபந்தனையை நான் மறக்கவில்லை. தை பத்துக்குள் என் பட்டறையில் உருப்படியாக ஒரு வேலையை முடித்துக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் தங்கள் மகள் ரத்னமாலாவைக் கல்யாணம் செய்த மறுநாளே பட்டறையைப் பூட்டிவிட்டு, தங்கள் மண்டியில் மூட்டை எண்ண வந்து உட்காரவேண்டும். சரி என்றேன். வேலையும் கிடைத்தது. திருவெண்ணெய்நல்லூர் மில் தேவநாதன், மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கிற மிஷினுக்குச் சல்லடைத் தகடு கேட்டார். நானூறு துளை, ஒவ்வொன்றும் காலே அரைக்கால் அங்குலம். இதைத் துளைக்க நல்ல பிட் வேண்டும் என்பதால்தான், நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வேண்டாம், கைக்கடிகாரம் வேண்டாம், வீசம் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை இருபத்தொன்பது உருப்படி கொண்ட டிரில் பிட் செட் ஒன்று பட்டணத்தில் வாங்கிக் கொடுங்கள், சிவக்கக் காய்ந்தாலும் பதம் போகாத ஹைஸ்பீடு எஃகாக இருக்கவேண்டும் என்று நாலு பக்கம் எழுதினேன். தாங்களும் போய் வாங்கினீர்கள். கடைக்காரரிடம் கொசுறு கேட்டு ஒரு காலண்டரும் வாங்கி வந்தீர்கள். அதுவரை குற்றமில்லை. காலண்டர் பட்டறையில் மாட்டியிருக்கிறது, நாள் சரியாகக் காட்டுகிறது.

அதற்கப்புறம் செட் ஒரு வாரம் அத்தை கையில் இருந்தது. அதுதான் விபத்து. துருப்பிடிக்காமலிருக்க பிட்டுகளின் மேல் கொழகொழவென்று ஒரு பசை தடவியிருப்பார்கள். அதை யாரோ, ஜைன வீட்டில் வைக்கக்கூடாத மிருகக் கொழுப்பு என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். அது மண்ணெண்ணெயோடு கூடப் பிறந்த சரக்கு, எந்த ஜீவனும் அதற்காகச் சாகவில்லை. ஒரு முக்காலணா கார்டு போட்டிருந்தால் பதில் எழுதியிருப்பேன். கேட்கவில்லை. வெந்நீரில் போட்டு, சீயக்காய் தேய்த்து, புளி போட்டுத் துலக்கி, வெயிலில் காயவைத்தார்கள். காலையில் பார்த்தால் இருபத்தொன்பதும் துரு. துருப்பிடித்த இரும்பைச் சீர்த்தட்டில் வைப்பதா என்று, அண்டாவுக்கு ஈயம் பூச வந்த பூமாலையைக் கூப்பிட்டு, இவற்றுக்கும் சேர்த்துப் பூசச் சொல்லியிருக்கிறார்கள். பூமாலை, “இதுல இன்னாம்மா சமைப்பீங்க?” என்று கேட்டாராம். “எங்க மாப்பிள்ளை சமைப்பாரு, நீ பூசு” என்றார்களாம் அத்தை. இதை அத்தையே என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டைத் திறந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்தொன்பதும் வெள்ளி மாதிரி பளபளக்கிறது, ஒவ்வொன்றின் மூக்கிலும் மஞ்சள், குங்குமம். தட்டைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் இது எந்தக் காதில் போடுகிற திருகு என்கிறார். துரப்பணத்தைத் துருத்தி வைத்து ஊதின கரிநெருப்பில் காய்ச்சி நவச்சாரம் தேய்த்த குடும்பம் உலகத்திலேயே நம் குடும்பம்தான். நான் வாய் திறந்ததும் அத்தை, “கறுப்பா கொழகொழன்னு கீறத எப்பிடிடா தட்டுல வெக்கறது? வெச்சா உங்கம்மா தட்டையே தொட்டிருக்க மாட்டாங்க” என்றார்கள். தாங்கள் அதற்கு மேலே போய், “ஏன்டா ஆதி, செவக்கக் காஞ்சாலும் ஒண்ணும் ஆவாதுன்னு நீதானே நாலு பக்கம் எழுதின? ஈயம் பூசற சூட்டுக்கா ஆயிடப் போவுது?” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். சபையில் பதில் சொல்லவேண்டாம் என்று விட்டேன். இப்போது சொல்கிறேன்: நான் எழுதினது மிஷினில் காய்வதைப் பற்றி, பூமாலை அடுப்பில் காய்வதைப் பற்றி அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தங்கள் கண்ணுக்குப் புரை விழுந்த நாளாக என் கடிதங்களை ரத்னமாலாதான் வாசித்துக் காட்டுகிறாள் என்பது எனக்குத் தெரியும். இந்த இடத்தையும் அவள் விழுங்காமல் வாசிக்கவேண்டும். தோல் பெல்ட் வீட்டில் இருக்கக்கூடாது, கல்யாண வீடு என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், எஞ்சினிலிருந்து டிரில்லிங் மிஷினுக்குப் போகிற பெல்ட்டை மாற்றி நூல் நாடாவில் போட்டேன், அது வழுக்கியது, ஆகவே நாடாவை எட்டு மாதிரி குறுக்கே போட்டு மாட்டினேன், குறுக்கே போட்டால் சக்கரத்தைச் சுற்றிப் பிடிக்கிற இடம் அதிகம், இது படித்தவன் செய்கிற காரியம் என்றெல்லாம் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை வாசித்த ரத்னமாலா, பிட் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்து அனுப்பியிருக்கிறாள். ‘ராட்டினத்தில் கயிற்றை எட்டாகப் போட்டால் நூல் சுற்றும் கதிர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. அத்தான் மிஷினில் அப்படி ஆகாதா?’ அவள் நூற்கிற ராட்டினம் வேறு, என் மிஷின் வேறு. சென்னையில் மூன்று வருஷம் இதைத்தான் படித்தேன். அவளிடம் சொல்லிவிடவும்.

முந்தாநாள் காலையில் காலே அரைக்கால் பிட்டை மாட்டித் தகட்டில் இறக்கினேன். ஊரே திரும்பிப் பார்க்கிற கூச்சல். ஈயம் உருகி மணிமணியாக வழிந்தது. தகட்டில் விழுந்தது அம்மைத் தழும்பு மாதிரி ஒரு பள்ளம். சமையலறையிலிருந்து அம்மா, “இன்னாடா, பூனைய மிதிச்சிட்டியா?” என்று ஓடிவந்தார்கள். அடுத்த பிட், அதற்கடுத்தது, மூன்றும் அதே கதை, அதே கூச்சல். பழைய பிட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், புதுசு வந்த ஜம்பத்தில் பழையதையெல்லாம் கொல்லருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளாக விடாமல் அமுக்கிக்கினே இருக்கிறேன். அஸ்தமனத்துக்கு மேல் நம் வீட்டில் சோறு கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல; அம்மா கூப்பிடும்போது போகவில்லை, போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆக இரண்டு நாளாகத் துளையும் இல்லை, ராச்சாப்பாடும் இல்லை.

ஆகவே என் முடிவு இது. ஈயம் பூசியதால் பதம் செத்துப்போன இந்த இருபத்தொன்பதையும் நாளை ரயில் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். யார் கையும், யார் சீயக்காயும் படாத புது செட் ஒன்று நேராகக் கடையிலிருந்து எனக்கு வரவேண்டும். அது வராமல் தேவநாதன் தகடு முடியாது. தகடு முடியாததற்குக் காரணம் நானல்ல, ஆகையால் மண்டிக்கும் வரமாட்டேன். புது செட் வருகிறவரைக்கும் தை முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கவும். இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. மிஷின் விஷயத்தில் நான் தப்பு செய்வதில்லை என்பது தங்களுக்கே தெரியும்.

அத்தைக்கு நமஸ்காரம். பூமாலையைப் பார்த்தால் நமஸ்காரம் சொல்லவேண்டாம். ஜினர் அருளால் எல்லாருக்கும் நன்மை உண்டாகட்டும், முக்கியமாக அவரவர் வேலையை அவரவர் பார்க்கும் புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஆதிநாதன்.

பின்குறிப்பு: செட்டைப் பெட்டியில் அடுக்கும்போது ரத்னமாலாவின் சீட்டு மறுபடி கையில் வந்தது. அவள் சொன்னது தப்பு என்று நிரூபித்து அதன் முதுகிலேயே எழுதி அனுப்பலாம் என்று, டிரில் மாட்டுகிற தண்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறது. இரண்டு நாளாகப் பிட்டின் முதுகால் இரும்பைத் தேய்த்திருக்கிறேன். நாடாவை நேராக மாட்டி, வழுக்காமலிருக்கக் குங்கிலியத் தூள் தூவினேன். முதலில் கத்தின அதே பிட்டைக் கொஞ்சம் தீட்டி இறக்கியதும் இரண்டு பக்கமும் இரும்பு சுருள் சுருளாக வந்தது. இதுவரை பதினொரு துளை. எஃகு முதல் தரம், பூமாலை அடுப்பு அதை ஒன்றும் செய்யவில்லை, அவருக்கு என் நமஸ்காரம். பார்சல் வராது. முகூர்த்தத்தைத் தள்ளவேண்டாம். தை பத்து எதற்கு, ஐந்தாந் தேதியே வந்து தகட்டைப் பார்க்கலாம். வேறு கடிதம் எழுதலாம் என்றால் தபால் பை கட்டுகிற நேரம்; நேரம் இருந்தாலும் எழுதினதைக் கிழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சீரோடு அந்த ராட்டினத்தையும் அனுப்பவும், பட்டறையில் ஜன்னலோரம் இடம் விட்டிருக்கிறேன். இதை வாசிக்கும்போது ரத்னமாலா எந்த இடத்தில் சிரித்தாள் என்பதை மட்டும் தவறாமல் எழுதவும்.