மிகாமி போல்ட்டு வதைத்த படலம்

வாழ்க மிகாமி யசுவோ! ஆப்பிள் தோட்டங்கள் சூழ் ஹிரோசாக்கி மாநகரின் மேட்டுத்தெருக் கோமான், மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் துணை அலுவலன், மூத்துத் தளர்ந்த வெள்ளைக் காரின் ஒரே பாகன், குந்தி உட்கார்ந்தால் சுவரைப் பிடித்து எழும் பெருந்தோளன்! அவன் புகழ் பாடப் புகும் என் நாவே, தடுக்கி விழாதே. தேநீர் ஆறினாலும் நிறுத்தாதே.

சென்ற பனிக்காலத்தில், அத்தெருச் சரிவில் அவன் பிரேக்கை மிதித்தபோது, கார் அவன் ஆணையை மதியாது, சம்பந்தி வீட்டார்போல் நிதானமாக இறங்கிச் சென்று, பக்கத்து வீட்டு ஒசானாயின் பெர்சிமன் பழமரத்தை முட்டி நின்றது. அருகிருந்த மனைவி ஹிசாயோ அன்றே இறங்கியவள், பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. மருத்துவமனைச் சமையற்கூடத்து வேலைக்குப் பேருந்தில் போனாள். பக்கத்து இருக்கை காலியாகக் கிடப்பது வீரனை வாட்டியது. பெரிய வட்டும் அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பரும் கொண்ட புதுப் பிரேக்கைப் பூட்டி அவளை மீண்டும் அங்கே அமர்த்துவேன் என்று சூளுரைத்தான்.

இவ்வாண்டுப் பனி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவே பனியில் வழுக்காத குளிர்கால வீல் மாட்டிக்கொண்டிருந்தது. ஹிசாயோவும் கொட்டகையிலிருந்து அவனுடைய குளிர்கால வீல்களை உருட்டி வந்து சுவரோரம் சாய்த்தாள். கோடை வீலைவிடச் சற்றுச் சிறியவை, மலிவாகக் கிடைத்தவை.

பழைய பிரேக்கின் போல்ட்டுகள் எல்லாம் ஸ்பேனரைக் கண்டதும் சரணடைய, வலது முன்புறத்துக் கீழ்ப்போல்ட்டு மட்டும், பனி உருகச் சாலையில் தூவும் உப்பை ஆண்டாண்டாய் உண்டு கொழுத்து, துருக்கவசம் பூண்டு, அசைவேனா பார் என்று அமர்ந்திருந்தது. எண்ணெய் பெய்தான், அது குடித்தது. சுத்தியலால் மோதினான், அவன் கட்டைவிரல் வீங்கியது.

அப்போது ஒசானாய் வேலியோரம் வந்து, சுவரோர வீலையும் கீழே கிடந்த புதுப் பிரேக்கையும் மாறி மாறிப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்.

"மிகாமி அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

காரடியிலிருந்து முழக்கம் எழுந்தது: "இந்தப் போல்ட்டு கழல்ற வரைக்கும் எவனும் எங்கிட்ட பேசப்படாது!"

மரியாதை தெரிந்த ஒசானாய் பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை.

வீரன் அடுக்களை புகுந்து, தீ உமிழும் சிறு வாயுக்குழலுடன் மீண்டான்.

"ஏங்க, அது மீனு வாட்டுறது!"

"இன்னைக்கு இது அக்கினி அஸ்திரம்!"

போல்ட்டு சிவந்தது, அசையவில்லை. அடுத்து, துணி காயப்போடும் நீண்ட இரும்புக் குழாயை உருவி, ஈரத்துணி மண்ணில் விழுவதையும் பாராது, ஸ்பேனரின் பிடியில் செருகி, முன்னோரையும் மூதாதையரையும் வேண்டி, தன் வயிற்றுப் பாரம் முழுவதையும் அதன் முனையில் தொங்கவிட்டான். படீரென்று ஓசை எழுந்தது, மரத்துக் காகங்கள் பறந்தன, குழாய் வளைந்தது, வீரன் குப்புற வீழ்ந்தான். போல்ட்டு கழன்றிருந்தது! கோபம் மறந்து ஹிசாயோ கைதட்டினாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதுப் பிரேக்குகள் ஏறியபோது மாலை. முதல் பனி விழத் தொடங்கிற்று.

"சரி, இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. நாளைக்கு உங்களோடவே வர்றேன். வீலை மாட்டுங்க" என்றாள் ஹிசாயோ.

மூவுலகும் வென்றவனாய் மிகாமி குளிர்கால வீலைத் தூக்கிப் பொருத்தினான். பெரிய காலிப்பர் இடித்தது. சுழற்றிப் பொருத்தினான், இடித்தது. கெஞ்சிப் பொருத்தினான், அப்போதும் இடித்தது. சிறிய வீலுக்குள் பெரிய பிரேக் அடங்கவே இல்லை. கோடை வீலுடன் சரிவில் இறங்கலாம் என்றாலோ, கீழே பெர்சிமன் மரம் காத்திருந்தது.

ஒசானாய் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அதத்தாண்ணே அப்பவே கேக்க வந்தேன்."

மறுநாள் காலை மிகாமியும் ஹிசாயோவும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போனார்கள்.