மலர்விழிக்கு நான் பாடிய ரயில் பாட்டு

ஒரு பெண்ணிடம் நேரில் பேசத் தைரியம் இல்லாதவர்கள்தான் மைக்கைப் பிடிக்கிறார்கள் என்பது என் கருத்து. (மற்ற பாடகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். பகலில் டைப்ரைட்டிங் வகுப்பு. பக்கத்து மெஷினில் மலர்விழி. அவளிடம் நான் பேசிய மொத்தமும் "ரிப்பன் சிக்கிகிச்சா?" என்பதுதான். ஆனாலும் எங்களுக்குள் காதல் இருப்பதாக முடிவு செய்திருந்தேன். அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் குழுவை நடத்தும் பாபு அண்ணன், "விழுப்புரத்துல ஒரு ரிசப்ஷன்டா, மறுநாள் காலைலதான் முகூர்த்தம். பொண்ணு நம்ம ஊரு, மாப்ள ரயில்வேல கார்டு" என்று பத்திரிகையை நீட்டினார். மலர்விழியின் பெயர்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. (பரோட்டா கணக்கில் வராது.) ராத்திரியே பாட்டு எழுதிவிட்டேன்:

"வேணாம் புள்ள வேணாம், அவன வேணாம்னு சொல்லு,
ரயிலோட போறவன் உன்னோட எங்க நிப்பான்?"

இதை அவளைப் பார்த்துப் பாடுவேன், அவள் மாலையைக் கழற்றிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வருவாள். இதுதான் திட்டம்.

சோகமாகத்தான் ஆரம்பித்தேன். எங்கள் டிரம்ஸ்காரருக்குச் சோகம் வாசிக்கத் தெரியாது. 'ரயில்' என்று காதில் விழுந்ததும் மாப்பிள்ளையின் ரயில்வே நண்பர்கள், தங்களுக்காகவே எழுதிய பாட்டு என்று நினைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்க ரயில் விட்டார்கள். மாப்பிள்ளை சேகர் எழுந்து நின்று கைக்குட்டையைக் கொடிபோல ஆட்டினார். மலர்விழி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பாட்டு முடிந்ததும் அவளே சொன்னாள்:

"அண்ணா, இன்னொரு தடவ பாடுங்கண்ணா."

அந்த 'அண்ணா'வோடு இரண்டாம் தடவை பாடும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"அழுதுகினே பாடுறான் பாரு, இன்னா ஆக்டிங்கு" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

பந்தியில் எனக்குக் கேசரி வைத்த பெண் மாப்பிள்ளையின் தங்கை வசந்தி. குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "நீங்க அழுதது நடிப்பு இல்லதானே?"

எனக்கு விக்கிக்கொண்டது. "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா எங்கண்ணன் நல்லவருங்க. நீங்க பாடுன மாதிரி இல்ல." இன்னும் ஒரு கரண்டி கேசரி விழுந்தது.

வேனில் திரும்பும்போது மலர்விழியை நினைத்து அழப் பார்த்தேன். வரவில்லை. கரண்டி பிடித்த கைதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் ஏதாவது காரணம் சொல்லி அடிக்கடி விழுப்புரம் போனேன். இந்த முறை மைக் இல்லாமலே பேசினேன்.

வசந்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், எங்கள் நிச்சயதார்த்தம் வரைக்கும். அதற்கு மறுநாளே அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எங்கள் ரிசப்ஷனில் சேகர் மச்சான் மைக்கை வாங்கி, தங்கையைப் பார்த்து, ஒரு வரி விடாமல் அதே பாட்டைப் பாடினார். மலர்விழி கூடவே கோரஸ். வசந்தி தாடையில் கை வைத்து என்னைப் பார்த்து யோசித்தாள். கொஞ்சம் அதிகமாகவே யோசித்தாள்.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது சொதப்பினால் என் மகள் "வேணாம் புள்ள வேணாம்" என்று ஆரம்பிப்பாள். அடுத்த வரி சமையலறையிலிருந்து வரும்.