நான் காப்பாற்றிய காளான் கொட்டகை

வீட்டிலேயே முதன்முதலாகப் படித்தவனாக இருப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. நாம் சொல்வதை எல்லோரும் நம்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, நாமும் நம்பிவிடுவோம்.

அப்போது நான் நுண்ணுயிரியல் முதுகலை இறுதியாண்டு. சோழபுரத்தில் ஒரு மிளகாய்க் காட்டில் சுற்றியிருந்த செடியெல்லாம் வாடிக் கிடக்க, ஒரே ஒரு செடி மட்டும் திமிராக நின்றது. அதன் வேரடி மண்ணை அள்ளிவந்து, அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். வாடல் நோய்ப் பூஞ்சையோடு ஒரே தட்டில் வளர்த்தபோது, பூஞ்சை பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. என் பாக்டீரியா கசியவிட்ட ஏதோ ஒன்று அதைத் தடுத்திருந்தது. இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் படமெடுத்து போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன். (மற்ற பையன்கள் அந்த இடத்தில் யார் யார் படத்தையோ வைத்திருந்தார்கள். நான் வெற்றிடத்தை வைத்திருந்தேன்.)

"முதலில் தொட்டிச் செடியில் சோதித்துப் பார்" என்றார் என் பேராசிரியை. தொட்டிச் செடியா? உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனிடம் பேசுகிற பேச்சா அது?

உலகம் சுந்தரபாண்டியத்தில் காத்திருந்தது. அங்கேதான் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். எட்டாவதோடு நின்றவள், மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்து, மாமியாரின் ஆட்டுக் கொட்டகையில் சிப்பிக்காளான் போட்டிருந்தாள். மாமியார் கொட்டகையைச் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு விசேஷத்துக்காவது குடுத்துக் காட்டு. இல்லைன்னா ஆடு உள்ள வந்துரும்" என்று சொல்லியிருந்தார். விசேஷமும் கிடைத்தது. ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம், காளான் பிரியாணி. மச்சானும் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தாள். வைக்கோல் அடைத்துத் தொங்கவிட்ட நாற்பது பைகளில் இரண்டில் பச்சைப் பூசணம். "ரெண்டையும் தூரக் கொண்டுபோய்ப் பொதைச்சிரப் போறேன். சும்மாதாம்லே சொன்னேன்" என்றாள்.

"தொடாதே, நான் வாரேன்" என்றேன்.

பாக்டீரியா வளர்த்த கரைசலை ஐந்து லிட்டர் கேனில் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு, கிருஷ்ணன்கோவிலில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன தம்பி, பதநியா?" என்றார். "பாக்டீரியா" என்றேன். அதன் பிறகு இறங்கும் வரைக்கும் இரண்டு சீட்டும் எனக்கே.

கொட்டகை வாசலில் அக்கா கேனைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"ஏலே, இது என்ன செய்யும்?"

"பூஞ்சையைக் கொல்லும்."

"காளானை?"

எட்டாவது படித்தவள் கேட்ட கேள்வி அது. நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போதும் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்ப்பதுண்டு. அறைய வேண்டும்போல் இருக்கும்.) "அக்கா, இதெல்லாம் சயின்ஸ். பூச்சி மருந்தா என்ன, எல்லாத்தையும் கொல்ல? இது இயற்கை."

மச்சான் விறைப்பாக நின்று, "படிச்சவன் சொல்லுதான், விடு" என்றார். அது போதாதா? கெட்டது இரண்டே பை. நான் நாற்பதுக்கும் அடித்தேன். வருமுன் காப்பது என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தேன். மிச்சமிருந்ததை மறுநாள் காலையிலும் அடிக்கச் சொல்லிவிட்டு, தெளிப்பானைத் துப்பாக்கிபோல் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு.

நாலாம் நாள் அக்காவிடமிருந்து போன். "வந்து பாரு" என்று மட்டும் சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்த பைகள் மஞ்சளாகிக் கொழகொழத்திருந்தன. மொட்டுகள் சுருங்கிக் கருத்திருந்தன. வாசலில் கட்டிக்கிடந்த ஆடுகளே நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. எந்த இரண்டு பைகளுக்காக வந்தேனோ, அந்தப் பச்சைப் பூசணம் மட்டும் என் மருந்தைக் குடித்துத் தேறியதுபோல் செழிப்பாக இருந்தது.

காளானும் பூஞ்சைதான். முதலாண்டுத் தேர்வில் காளான் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒவ்வொரு பையாக அவிழ்த்து வெளியே போட்டாள். மச்சான்தான் பேசினார்: "மாப்ளே, பார்டர்ல எதிரி யாரு, நம்ம ஆளு யாருன்னு பார்த்துட்டுத்தான் சுடச் சொல்லுவாவ. ஒங்க காலேஜ்ல அது கெடையாதோ?"

கல்யாண மண்டபத்துக்குச் செய்தி கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டது. காளானுக்குப் பதிலாக இரண்டு மூட்டை மீல்மேக்கரோடு போய் நின்று, சமையல் மாஸ்டரிடம் பாக்டீரியா, பூஞ்சை எதிர்ப்பி, நிகழ்ந்த சிறு பின்னடைவு என்று வரிசையாக விளக்கினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"தம்பி, நோய் வந்து போன காளானைப் பாத்திருக்கேன். வைத்தியம் பாத்துப் போன காளானை இன்னிக்குத்தான் கேள்விப்படுதேன்."

பந்தியில் மீல்மேக்கர் பிரியாணி நன்றாகவே இருந்ததாம். நான் கைகழுவும் இடத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மறுவாரம் ஆடுகள் கொட்டகையில் பாதியைப் பிடித்துக்கொண்டன. மறுபாதிக்கு அக்கா மாமியாரிடம் என்ன பேசினாளோ, எனக்குத் தெரியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, புது விதை வாங்கி, ஆறே பையில் மறுபடி ஆரம்பித்தாள்.

ஆய்வேட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பேராசிரியை அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் திறன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. அதுதான் கொடுமை.

இன்றைக்கு எந்த விசேஷ வீட்டு இலையில் மீல்மேக்கர் விழுந்தாலும், மச்சான் ஊரில் இல்லாவிட்டால் வீடியோ காலில் வந்தாவது கேட்பார்: "மாப்ளே, இந்தக் காளானும் நீ காப்பாத்துனதா?"

அக்காவின் கொட்டகை இப்போது மறுபடி முழுசாக அவளுடையது. ஆடுகளுக்கு வேறு கொட்டகை. போன மாதம் போயிருந்தேன். வாசலில் கால் கழுவினேன், சோப்புப் போட்டுக் கையும் கழுவினேன். எங்கிருந்தோ வந்த ஒரு ஆட்டுக்குட்டி என் காலை உரசிக்கொண்டு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் நானும் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "ஏலே, நீ அங்கனயே நில்லு. ஆடு வேணும்னா வரட்டும்."