வட்டம் அண்ணை கீறாமல் விட்ட கிளை

கடவுள் இந்த உலகத்தைப் படைக்கும்போது நடுவில் ஒரு வட்டம் போட்டுத்தான் தொடங்கியிருப்பார் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அபார்ட்மென்டின் நான்காம் மாடியில், என் எதிர்வீட்டில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய கரண்ட் பில்லில் மட்டும்தான் வரும். எங்களுக்கு அவர் வட்டம் அண்ணை.

ஆதியில் அவரும் நம்மைப் போலச் சாதாரண மனிதர்தான். ஒரு கம்பனியில் கணக்குப் பகுதி. யார் செய்த பாவமோ, கம்பனி அவரை ஒரு ஹோட்டலுக்கு அனுப்பி மைண்ட் மேப் பயிற்சி கொடுத்தது. விஷயத்தை நடுவில் எழுது, வட்டம் போடு, கலர் கலராகக் கிளை விடு, கிளைக்குக் குட்டிக் கிளை விடு, மூளை தானாக யோசிக்கும் என்று ஒரு கோட்டுப் போட்ட ஆள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு அதை மறந்துவிட்டார்கள். அண்ணை மட்டும் ஒரு பெட்டி கலர் பேனையோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு மனுசன் வட்டம் போடாமல் தும்மியதுகூட இல்லை.

ஒருநாள் பின்னேரம் பசி தாங்காமல் அவரைக் கடைக்குக் கூப்பிட்டேன்.

"பொறும் தம்பி. கொத்து ரொட்டியா, இடியப்பமா எண்டு சும்மா முடிவெடுக்கேலாது."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் கீறும் பெரிய டிமைத் தாளை நிலத்தில் விரித்தார். நடுவில் 'பசி'. அதிலிருந்து 'வயித்தின் நிலைமை', 'மழை வருமா', 'மத்தியானம் தின்றது', 'கடைக்காரரின் முகம்' என்று கிளைகள் கிளம்பின. இடியப்பக் கிளையைச் சொதி, சம்பல் என்று பிரித்து அவர் நிமிர்ந்தபோது கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய் பிஸ்கட் தின்றேன். அண்ணை தாளைப் பார்த்து வயிறு நிறைந்தார்.

விசர், பைத்தியம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒருமுறை எங்கள் தண்ணித் தாங்கி விடியமுன்னமே காலியாகத் தொடங்கியது. கமிட்டிச் செயலாளர் மோட்டாரில் பிழை என்றார். மோட்டார்க்காரன் பைப்பில் பிழை என்றான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்கத்தில் பிழை என்றார்கள். அண்ணை லிஃப்டுக்குள் ஒரு டிமைத் தாளை ஒட்டி, நடுவில் 'தண்ணி எங்கே?' என்று எழுதி, ஒரு பேனையையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். போகிற வருகிற சனமெல்லாம் கிளை விட்டது. 'மொட்டைமாடியில் விடிய ஆரோ நடக்கிற சத்தம்' என்று ஒருவர் எழுதினார். 'செயலாளர் வீட்டுத் தக்காளி நல்ல ருசி' என்று சம்பந்தமே இல்லாமல் இன்னொருவர் எழுதினார். அண்ணை அந்த இரண்டையும் ஒரு பச்சைக் கோட்டால் இணைத்தார். அவ்வளவுதான்! செயலாளரின் மனைவி மொட்டைமாடியில் வளர்த்த தக்காளித் தோட்டம்தான் எங்கள் எல்லாருடைய குளிப்பையும் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணி திரும்பி வந்தது. செயலாளர் அண்ணையோடு கதைப்பதை விட்டுவிட்டார். இனிச் சண்டை வரக்கூடாது என்று தண்ணி விஷயத்துக்கு மட்டும் ஒரு வட்ஸ்அப் குரூப் தொடங்கினோம்.

இந்த நேரம் பார்த்து அண்ணையின் உடம்பில் கொலஸ்ட்ரோல் ஏறியது. ஆறாம் மாடி பாமினி பொரளையில் ஒரு லேப்பில் இரத்தம் எடுப்பவர். அங்கே போய்க் கையை நீட்டியவர் ஆளே மாறி வந்தார்.

"தம்பி, அவ என்ர கையைப் பிடிச்சுப் பாத்திட்டு என்ன சொன்னவ தெரியுமே? 'உங்கட நரம்பு வடிவாக் கிளை விட்டிருக்கு' எண்டவ!"

"ஊசி குத்த லேசு எண்டு சொல்லியிருப்பா, அண்ணை."

"உமக்கு உதெல்லாம் விளங்காது."

நாற்பதைத் தாண்டிய மனுசன். வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு போனது. இப்போதுதான் முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் பாமினிக்கு லண்டனில் இருந்து ஒரு மாப்பிள்ளை பேச்சில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். அதற்குள் அண்ணை கேட்டாக வேண்டும்.

"நேர போய்க் கேளுங்கோ," என்றேன்.

"பிளான் இல்லாமலே?" என்று என்னை ஒரு காட்டுமிராண்டியைப் போலப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை மேப் தயாரானது. நடுவில் 'பாமினிட்ட எப்பிடிக் கேக்கிறது'. 'என்னில் உள்ள நல்லது' என்ற பச்சைக் கிளையில் இரண்டே குச்சிகள்: 'குடிக்கிறேல்ல', 'லிஃப்ட் கதவைப் பிடிச்சு வைப்பன்'. நீலக் கிளையில் லண்டன்காரர், முழங்கால் வரை நீண்ட டையோடு. சிவப்புக் கிளை 'பயம்'. அது தாளையும் தாண்டி நிலத்தில் ஓடியிருந்தது. மொட்டை, குறட்டை, தொந்தி, 'இல்லையெண்டு சொன்னா இனி எப்பிடி ஒரே லிஃப்டில போறது'. இதைப் படம் பிடித்து, அபிப்பிராயம் கேட்டு எனக்கு அனுப்பினார். அனுப்பியதாக நினைத்தார். அது போய் விழுந்தது தண்ணிக் குரூப்பில்.

முதலில் செயலாளர் எழுதினார்: 'இது தண்ணிக்கான குரூப். தனிப்பட்ட விஷயங்களைத் தவிர்க்கவும்.' அடுத்த நிமிசமே அவரிடமிருந்து இன்னொன்று: 'மாப்பிள்ளையின் தாய் எந்த ஊர்?' இரண்டாம் மாடி அன்ரி சாதகம் கேட்டார். கீழே துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் குரல் பதிவாக அனுப்பினார்: "தம்பி, நீங்க இந்தக் கோடெல்லாம் கீறுற நேரத்துல நாங்க நிக்காஹ் முடிச்சு புரியாணியும் திண்டு முடிச்சிருப்போமே!"

நான் பதறிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணை சாவகாசமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம், பிழையாப் போட்டுட்டன். உடன அழிச்சிட்டன். ஒருத்தரும் பாக்கேல்ல."

போனைப் பறித்துப் பார்த்தேன். மனுசன் தன் போனில் மட்டும் அழித்திருந்தார். மற்ற எல்லாருடைய போனிலும் மேப் பசுமையாக இருந்தது, பாமினியின் போன் உட்பட. என் போனைக் காட்டினேன். அண்ணை கோப்பையை நிலத்தில் வைத்தார். புதுத் தாளை விரித்து, நடுவில் 'எங்க ஓடுறது' என்று எழுதினார். முதல் கிளை 'வத்தளை', கொழும்பைத் தாண்டியதும் வருகிற ஊர். சிரிப்பு வரவேண்டிய இடம்தான், எனக்கு வரவில்லை. பாவம் மனுசன்.

அப்போது திறந்திருந்த வாசலில் பாமினி வந்து நின்றார். கையில் போன். லேப்பில் ரிப்போர்ட் கொடுக்கிற அதே முகம்.

"முழுக்க வாசிச்சனான்," என்றார். "மொட்டை தெரிஞ்ச விசயம். குறட்டை ஆறாம் மாடிக்கே கேக்குது. அதெல்லாம் சரி. இதில பெரிய பிழை ஒண்டு இருக்கு."

"என்ன பிழை?" அண்ணையின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"எல்லாத்துக்கும் கிளை விட்டிருக்கிறியள். நான் ஓம் எண்டு சொன்னா என்ன செய்யிறதெண்டு ஒரு கிளையும் இல்லையே?"

அண்ணை தாளைப் பார்த்தார், பாமினியைப் பார்த்தார்.

"அப்பிடி ஒண்டு நடக்குமெண்டு நான் யோசிக்கவே இல்லை."

"அப்ப இப்ப யோசியுங்கோ. லண்டனுக்கு வேண்டாமெண்டு காலமை சொல்லிப்போட்டன்."

அண்ணை பேனையைத் தேடவில்லை. வட்டம் போடவில்லை. "ஓம்," என்றார். அவர் ஏன் ஓம் என்றார், யாரிடம் ஓம் என்றார் என்று அவருக்கே தெரியாது. கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. பாமினி சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, நிலத்தில் கிடந்த கலர் பேனைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

இனி எனக்கு அங்கே என்ன வேலை? மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு, என் வீட்டுக்குள் போக மனமில்லாமல் படியிறங்கினேன். மூன்றாம் மாடிப் படியில் பல்ப் மாற்றுவது போல நடித்துக்கொண்டு செயலாளர் நின்றார்.

"என்னவாம், அவ என்ன சொன்னவவாம்?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லுக்குப் பதில் அழுகைதான் வந்தது. அந்த விசரன் மீது எனக்கு இவ்வளவு பாசம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.